விடியற்காலத்து மயக்கம்
(கல்லீரல் புற்றுநோயில் இரத்தச் சர்க்கரை குறைதலும், இல்லத்தார் செய்யத்தக்கவையும்)

நூல் விலை, பயிர்க்கடன், பங்குத்தொகை, தணிக்கை ஆகியவற்றைப் பற்றி எழுதுவதே இவ்விதழில் கூட்டுறவு ஆய்வாளர்க்கு உரிய வழக்கம். வியாதியைப் பற்றி இவர் எழுதுவானேன் என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். நான் வைத்தியன் அல்லன். ஆயினும், கணக்குப் பார்வையிடச் சென்ற ஓர் ஊரில் நேரில் கண்ட நிகழ்ச்சி ஒன்று, வைத்தியர்களைக் கேட்டும் நூல்களைப் படித்தும் இதனைத் தெரிந்துகொள்ளுமாறு என்னைத் தூண்டிற்று. தெரிந்ததைப் பிறர்க்குச் சொல்லாமல் இருப்பது முறையன்று என்பதால் இதனை எழுதுகிறேன்.

தென்காசிக்கு அடுத்த ஒரு நெசவாளர் ஊர் அது. ஆடி மாதம், குற்றாலத்துச் சாரல் ஊர் முழுவதும் இறங்கியிருந்தது. முதல் நாள் கணக்கு முடியாமையால் சங்கக் கட்டடத்திலேயே இரவு தங்கினேன். பொழுது புலரும் முன் எதிர்வீட்டிலிருந்து அழுகுரல் கேட்டது. அங்கே நம் சங்கத்தின் பழைய அங்கத்தினர் ஒருவர் நான்கு மாதங்களாகக் கல்லீரல் புற்றுநோயால் வருந்திக்கொண்டிருந்தார். ஓடிச் சென்று பார்த்தபோது, குளிர்ந்த சாரற்காற்றிலும் அவர் மேனி வியர்வையால் நனைந்திருந்தது. விழிகள் நிலைகுத்தியிருந்தன. ஏதேதோ உளறினார், பெற்ற மகனையும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. காலம் முடிந்தது என்றார் ஒரு பெரியவர். காற்றுக் கருப்பு என்று திருநீறு தேடினார் மற்றொருவர். உறவினர்க்குச் சொல்லியனுப்பிவிட்டு, வாயில் பால் ஊற்றுவதற்குக் கிண்ணமும் எடுத்துவிட்டார்கள்.

அப்போது செவிலியர் பயிற்சி பெற்றுவரும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, தன் பாட்டியின் சர்க்கரை நோய்க்காக வைத்திருந்த குளுக்கோமீட்டர் என்னும் சிறு கருவியைக் கொண்டுவந்து, அவர் விரலிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தாள். கருவி 36 என்று காட்டியது. அவர் அழைத்தால் விழிக்கிறாரா, விழுங்குகிறாரா என்று சோதித்தறிந்து, நிமிர்த்தி அமர்த்திச் சர்க்கரை கரைத்த நீரைச் சிறிது சிறிதாகப் புகட்டினாள். கால் மணி நேரம் சென்றிருக்கும். பெரியவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, மகனிடம், “பாவு நனையாமல் எடுத்து வைத்தாயா?” என்று கேட்டார்.

அவருடைய நோய் தீரவில்லை. ஆயினும் தை பிறக்கும் வரை அவர் வாழ்ந்தார். சங்கத்தில் தமக்கிருந்த பாக்கியைத் தீர்த்தார். பங்குத்தொகைக்கு வாரிசு நியமனம் எழுதினார். பேத்தியின் காதணி விழாவைக் கண்டார். அன்று ஒரு தம்ளர் சர்க்கரை நீர் கிட்டாதிருப்பின் இவற்றுள் ஒன்றும் நிகழ்ந்திராது. கல்லீரல் புற்றுநோயாளரின் மயக்கமெல்லாம் மரணத்தின் வருகை அன்று. சில வேளைகளில் அது சர்க்கரைக் குறைவே. அதனை இல்லத்தார் கண்டறியவும் நீக்கவும் கூடும். இக்கட்டுரையின் கருத்து இதுவே.

கல்லீரல் ஒரு குளம்

வளர்ந்த ஒருவர் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதில் எந்நேரமும் கரைந்திருக்கும் சர்க்கரையின் அளவு சுமார் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி மட்டுமே. மூளையோ நாளொன்றுக்கு 120 கிராம் சர்க்கரையைச் செலவிடுகிறது. மணிக்கு 5 கிராம் ஆகிறது. அவ்வாறாயின், இரவு எட்டு மணிக்கு உண்டு காலை ஏழு மணி வரை உறங்கும் நமக்கு இடைநேரத்தில் சர்க்கரை எங்கிருந்து கிடைக்கிறது?

இதற்கு விடை நம் பயிர்த்தொழிலாளர் அறிந்ததே. குற்றால மலையில் தோன்றும் சிற்றாறு ஆண்டு முழுதும் ஒரே அளவாக ஓடுவதில்லை. வரும்போது குளத்தில் தேக்கி, வேண்டும்போது மடை திறந்து வயலுக்கு விடுகிறோம். உடலில் அக்குளமாக இருப்பது கல்லீரல். உண்ட பின் மிகுதியாக வரும் சர்க்கரையை அது கிளைகோஜன் என்னும் பொருளாக மாற்றிச் சுமார் 100 கிராம் வரை தேக்கிவைக்கிறது. இன்சுலின் என்னும் சுரப்பு “தேக்கு” என்று கட்டளையிடுகிறது; குளுக்ககான் என்னும் சுரப்பு “திற” என்று கட்டளையிடுகிறது. இருப்புக் குறைந்தால் புரதம் முதலிய பிற பொருள்களிலிருந்து புதிதாகச் சர்க்கரையை ஆக்கித் தரும் ஆற்றலும் கல்லீரலுக்கு உண்டு. இதனாலேயே ஒரு வேளை பட்டினி கிடந்தாலும் நாம் மயங்கி விழுவதில்லை.

தூர்ந்த குளமும் அடைபட்ட மடையும்

கல்லீரல் புற்றுநோயுடன் சர்க்கரைக் குறைவு சேர்ந்து வருவதை 1929ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர்களான நாட்லர், வுல்ஃபர் இருவரும் எடுத்துக் கூறினர். பின்னர், இப்புற்றுநோய் மிகுந்த ஹாங்காங் நகரில் மக்பேடியன், யெங் என்னும் மருத்துவர்கள் நோயாளர் பலரை ஆராய்ந்து, இக்குறைவு இருவகைப்படும் என்று 1969ஆம் ஆண்டு விளக்கினர். அப்பாகுபாடு இன்றும் பயன்படுகிறது.

முதல் வகை பெரும்பாலாரிடம் காணப்படுவது. கட்டி விரைந்து வளர்ந்து கல்லீரலின் பெரும்பகுதியைக் கவர்ந்துகொள்கிறது. நல்ல ஈரல் சிறிதே எஞ்சுகிறது. பசியின்மையால் ஆகாரமும் குறைகிறது. உள்ள சர்க்கரையையும் கட்டி உண்கிறது. குளம் தூர்ந்து, வரத்தும் குறைந்துவிட்ட நிலை இது. நோயின் கடைசி வாரங்களில் இது தோன்றும். குறைவு பெரும்பாலும் மிதமாக இருப்பதால் அடிக்கடி சிறிது சிறிதாக உணவு கொடுத்துச் சமாளிக்க இயலும்.

இரண்டாம் வகை அரியது, ஆனால் கடுமையானது. நோயாளர் நன்கு நடமாடிக்கொண்டிருக்கும்போதே, மாதக்கணக்கில் முன்னதாகவே தோன்றும். இங்கே குளம் தூர்ந்துவிடவில்லை. பொய்க் கட்டளை மடையை அடைத்துவிடுகிறது. கட்டியானது இன்சுலினை ஒத்த ஒரு வளர்ச்சிப் பொருளைச் சுரக்கிறது. அது உடலை ஏமாற்றி, ஈரலின் சர்க்கரையை வெளிவிடாமல் தடுத்து, இரத்தத்தில் உள்ளதையும் தசைகளுக்குள் இழுத்துச் செல்கிறது. இவ்வகை நோயாளர்க்கு இரவு முழுதும் சர்க்கரை கொடுத்தும் போதாமற்போவதுண்டு.

இவ்வேறுபாட்டைத் தெரிந்துகொள்வதில் பயன் உண்டு. குளுக்ககான் ஊசி மடையைத் திறக்கும் மருந்து. குளத்தில் நீர் இருந்தால்தான் மடை திறப்பதால் பயன். தூர்ந்த குளத்தில் அது பலன் தருவதில்லை. ஆகவே, ஒருவர்க்குப் பயன்பட்ட மருந்து மற்றவர்க்கும் பயன்படும் என்று இல்லத்தார் தாமே முடிவு செய்தலாகாது.

“சர்க்கரை நோய் குணமாகிவிட்டது”

பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மருந்து உண்டுவரும் ஒருவர்க்குக் கல்லீரல் புற்றுநோயும் கண்டால், அவர் சர்க்கரை அளவு தானே இறங்கத் தொடங்கலாம். 250 இருந்தது 120 ஆயிற்று, 90 ஆயிற்று என்று இல்லத்தார் மகிழ்வர். குற்றாலத்தில் வாங்கிய மூலிகைப் பொடியால் குணமாயிற்று என்பாரும் உண்டு. இது குணமன்று, குளம் வற்றுவதன் அடையாளமாக இருக்கலாம். அந்நிலையில் பழைய அளவிலேயே இன்சுலினையோ, கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளையோ தொடர்ந்தால் விடியற்காலையில் ஆபத்து நேரும். எனவே, அளவு இறங்கத் தொடங்கியவுடன், அன்றே வைத்தியரைக் கண்டு மருந்தின் அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

சிறுகுறிஞ்சான், நாவற்கொட்டைப் பொடி, பாகற்சாறு முதலியன சர்க்கரையைக் குறைக்கும் என்றே கடைகளில் விற்கப்படுகின்றன. குறைவே வியாதியாக உள்ளவர்க்கு அவை ஆகா.

கீழாநெல்லியைப் பற்றியும் ஒரு சொல். மஞ்சட்காமாலைக்கு அதனை அரைத்துக் கொடுப்பது நம் நாட்டுப் பழக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியாகராஜன் முதலிய ஆய்வாளர், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்த நோபல் பரிசு அறிஞர் புளும்பெர்க்குடன் சேர்ந்து, இம்மூலிகை அக்கிருமியை நீக்கக்கூடும் என்று 1988ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டனர். நம் மாநிலத்திற்குப் பெருமை தந்த முயற்சி அது. எனினும், பின்னர்ப் பிற இடங்களில் நடந்த சோதனைகளில் அப்பலன் உறுதிப்படவில்லை. முற்றிய புற்றுநோயையோ, தாழ்ந்த சர்க்கரையையோ அது மாற்றும் என்பதற்குச் சான்றில்லை. அதனை நம்பி ஆகாரத்தைக் குறைத்துப் பத்தியம் இருத்தல் பெருந்தீங்கு.

அறிகுறிகள்

உண்ணாத நிலையில் இரத்தச் சர்க்கரை 100 மில்லிலிட்டருக்கு 70 முதல் 100 மில்லிகிராம் வரை இருப்பது இயல்பு. 70க்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை. 54க்குக் கீழே இறங்கினால் ஆபத்து.

முதலில் தோன்றுவன வியர்வை, கைந்நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி ஆகியன. பின்னர், மூளைக்குச் சர்க்கரை கிட்டாமையால் தலைசுற்றல், மங்கிய பார்வை, குழறிய பேச்சு, காரணமற்ற கோபம், உளறல், வலிப்பு, நினைவிழத்தல் ஆகியன வரும். நெடுநாள் அளவு தாழ்ந்தே இருப்பவர்க்கு முன்னறிகுறிகள் தோன்றாமலே நேராக மயக்கம் வருவதுண்டு. ஈரல் நோயில் இரத்த வாந்தியைத் தடுக்கக் கொடுக்கப்படும் பிரோப்ரனலால் போன்ற மாத்திரைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வியர்வையை மறைப்பதில்லை. ஆகவே, காரணமின்றி வியர்த்தால் சர்க்கரையைப் பார்த்துவிடுவது நன்று.

ஈரல் நோய் முற்றியவர்க்கு, உடலின் கழிவுப் பொருள்கள் மூளையைத் தாக்குவதாலும் இத்தகைய குழப்பம் உண்டாகும். இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிதல் வைத்தியர்க்கும் அரிது. ஒரு துளி இரத்தம் அதனை ஒரு நிமிடத்திற்குள் பிரித்துக்காட்டும். குழப்பம் கண்டால் முதலில் செய்யத்தக்கது சர்க்கரை பார்த்தலே.

உடனே செய்யத்தக்கவை

நோயாளர் விழித்திருந்து விழுங்கக்கூடியவராயின்:

1. நிமிர்த்தி உட்காரவைத்து, 15 முதல் 20 கிராம் குளுக்கோஸ் பொடியையோ, நான்கைந்து தேக்கரண்டி சர்க்கரையையோ அரைத் தம்ளர் நீரில் கரைத்துக் கொடுக்க. இரண்டும் அகப்படாவிடில் கருப்பட்டியைக் கரைத்துக் கொடுக்கலாம். இலட்டு, அல்வா முதலியன ஆகா. நெய் கலந்த பண்டம் மெதுவாகவே சீரணிக்கும். அகார்போஸ், வோக்ளிபோஸ் மாத்திரை உண்பவர்க்குச் சர்க்கரை விரைந்து பலிக்காது, குளுக்கோஸே வேண்டும்.

2. 15 நிமிடம் கழித்து மீண்டும் அளவு பார்க்க. 70க்கு மேல் ஏறாவிடின் மறுபடியும் அதே அளவு கொடுக்க. மூன்று முறை கொடுத்தும் ஏறவில்லையானால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க.

3. ஏறியவுடன் இட்லி, கஞ்சி, வாழைப்பழம், பாலில் நனைத்த ரொட்டி போன்ற ஆகாரம் கொடுக்க. இந்நோயில் ஒருமுறை ஏறிய சர்க்கரை மீண்டும் இறங்குவது வழக்கம். எனவே, அடுத்த சில மணி நேரம் மணிக்கொருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

நினைவிழந்தவராயின், அல்லது விழுங்க இயலாதவராயின், வாயில் ஒன்றும் ஊற்றலாகாது. பாலும் ஆகாது, சர்க்கரை நீரும் ஆகாது. அது மூச்சுக்குழலில் இறங்கி உயிர்க்கே ஆபத்தாகும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108 ஊர்தியை அழைத்து, “கல்லீரல் புற்றுநோயாளர், சர்க்கரை குறைந்திருக்கலாம்” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கருவி இல்லாத வீட்டில், அறிகுறி கண்டும் ஐயம் தீரவில்லையானால், விழுங்கக்கூடியவர்க்குச் சர்க்கரை நீர் கொடுத்துவிடுவதே மேல். சர்க்கரை சிறிது மிகுதலால் நேரும் தீங்கு, குறைதலால் நேரும் தீங்கினும் மிகச் சிறியது.

இரவின் ஏற்பாடு

குறைவு பெரும்பாலும் நீண்ட பட்டினிக்குப் பின், அதாவது விடியற்காலையில் நேர்கிறது. எனவே, பட்டினி நேரத்தைச் சுருக்குவதே முதல் மருந்து. பகலில் இரண்டு அல்லது மூன்று மணிக்கொருமுறை சிறு உணவு. இரவு படுக்கும் முன் கஞ்சியோ கேழ்வரகுக் கூழோ. நள்ளிரவிற்குப் பின் இரண்டு மணியளவில் எழுப்பி ஒரு முறை. எழுந்தவுடன் ஒரு முறை. இல்லத்தார் முறைவைத்துக்கொண்டு கடிகாரத்தில் மணி வைத்து எழுப்புதல் நலம். இரவில் அளவு பார்த்து, தேதி, மணி, அளவு, கொடுத்த ஆகாரம் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் குறித்துவைத்தால் வைத்தியர்க்கு அது மிக்க துணையாகும். பேரேடு எழுதத் தெரிந்த நம் அங்கத்தினர்க்கு இது கடினமன்று.

கடைகளில் கார்ன்பிளவர் என்று விற்கும் வெண்ணிற மக்காச்சோள மாவு மற்றொரு துணை. வேகவைக்காத அம்மாவு குடலில் மெதுவாகக் கரைந்து, நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை சிறிது சிறிதாகச் சர்க்கரையைத் தந்துகொண்டிருக்கும். அதனைக் குளிர்ந்த நீரிலோ ஆறிய பாலிலோ கலக்க வேண்டும். காய்ச்சினால் அப்பண்பு போய்விடும். மஞ்சள் நிறச் சோள மாவு இதற்கு உதவாது. எவ்வளவு கொடுப்பது என்பதை வைத்தியரைக் கேட்டறிக.

விரதங்கள் இந்நோயாளர்க்கு விலக்கு. சஷ்டியாயினும், ஏகாதசியாயினும், ரமலான் நோன்பாயினும், நோயுற்றார்க்கு விதிவிலக்கு உண்டு. உடலுக்கு நல்லதென்று எண்ணி, சீசன் காலத்தில் நோயாளரை விடியற்காலையில் வெறும் வயிற்றுடன் குற்றாலத்து அருவிக்கு அழைத்துச் செல்வோர் உண்டு. பட்டினியும் குளிரும் சேர்ந்தால் இருப்பு விரைந்து தீரும். வழுக்குப் பாறையில் மயக்கம் வந்தால் சொல்ல வேண்டியதில்லை. மதுவோ, ஈரல் புதிதாகச் சர்க்கரை ஆக்கும் தொழிலையே நிறுத்திவிடும். அதனை அறவே ஒழிக்க வேண்டும்.

கருவியைப் பற்றி இரண்டு குறிப்புகள்: சோதனைத் தாள்கள் ஈரத்தால் கெடும், சாரல் நாட்களில் அவற்றின் டப்பாவை உடனுக்குடன் இறுக மூடிவைக்க. பழம் உரித்த கையையும் வெல்லம் தொட்ட கையையும் கழுவித் துடைக்காமல் பார்த்தால் கருவி மிகையாகக் காட்டி ஏமாற்றும்.

மருத்துவமனையில்

தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனை, திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் குளுக்கோஸ் திரவத்தை நரம்பின் வழியே ஏற்றி உயிர் காப்பர். அதன்பின் மூலகாரணத்தை நாடுவர். கட்டியை அறுவையால் நீக்குதல், வெப்பத்தால் கருக்குதல், அதற்குச் செல்லும் இரத்தக்குழாயை அடைத்து மருந்து செலுத்துதல் முதலிய முறைகளால் கட்டி சுருங்கினால் சர்க்கரைக் குறைவும் தணியும். இரண்டாம் வகைக் குறைவில் ஸ்டீராய்டு மாத்திரை பலருக்குப் பயன் தருகிறது. ஆனால் கிருமித் தாக்குதல், இரத்தக் கசிவு ஆகிய தீமைகளும் அதற்கு உண்டாகையால் வைத்தியர் கண்காணிப்பின்றி உண்ணலாகாது. செங்கோட்டைக் கணவாய் வழியே திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையத்திற்கும், சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ஆம் ஆண்டு தோன்றிய புற்றுநோய் மருத்துவ நிலையத்திற்கும் நம் பக்கத்து மக்கள் செல்வதுண்டு. செல்லும்போது மேற்சொன்ன நோட்டையும், வழிக்கு ஆகாரமும் சர்க்கரையும் மறவாது எடுத்துச் செல்க.

குணப்படுத்தும் கட்டம் கடந்த நோயாளர்க்கும் இச்சிகிச்சை வீணன்று. வலியின்றி, தெளிந்த நினைவுடன், தம் மக்களை அறிந்து பேசி வாழும் நாட்கள் எத்தனையோ அத்தனையும் ஆதாயமே.

வருமுன் காத்தல்

கல்லீரல் புற்றுநோயின் காரணங்களுள் ஹெபடைடிஸ் பி கிருமி முதன்மையானவற்றுள் ஒன்று. குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் தடுப்பூசி போடுவதே அதற்குக் காப்பு. மது மற்றொரு காரணம். நிலக்கடலை, மக்காச்சோளம் முதலியவற்றில் ஈரத்தால் பிடிக்கும் பூஞ்சணத்தின் நஞ்சாகிய அஃப்ளடாக்சின் பிறிதொரு காரணம். ஆதலின், களத்தில் நன்கு உலர்த்திய பின்னரே மூட்டை கட்டுதலும், பூஞ்சணம் பிடித்ததை உண்ணாமலும் விற்காமலும் ஒழித்தலும் பயிர்த்தொழிலாளர் கடமை.

சங்கம் செய்யத்தக்கது

சங்கத்திற்கு ஒரு கருவி வாங்கி வீட்டுக்கு வீடு கொடுத்து வாங்கலாமே என்று சிலர் கூறினர். நல்லெண்ணமே, ஆயினும் அதில் தீங்குண்டு. விரலில் குத்தும் ஊசியை இருவர் பயன்படுத்தினால் ஹெபடைடிஸ் பி ஒருவரிடமிருந்து மற்றவரைப் பற்றும். ஆகவே, இந்நோயாளர் உள்ள வீட்டிற்குத் தனிக் கருவி வேண்டும். வாங்க இயலாத அங்கத்தினர்க்கு, விதிகளுக்குட்பட்டுப் பொது நன்மை நிதியிலிருந்து உதவலாமா என்பதை நிர்வாகக் குழு ஆலோசிக்கலாம். இவ்வாறு நோயாளர் உள்ள வீட்டின் சுவரில், “வியர்வை, உளறல் கண்டால் சர்க்கரை பார், விழுங்கினால் சர்க்கரை நீர் கொடு, விழுங்காவிடில் 108” என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவைக்கலாம்.

அன்று அவ்வீட்டில் பால் ஊற்ற எடுத்த கிண்ணத்திலேயே பின்னர்ச் சர்க்கரை நீர் கலந்தார்கள். அறியாமையால் எடுத்த கிண்ணமும் அதுவே. அறிந்தபின் உயிர் காத்த கிண்ணமும் அதுவே. இதனைப் படித்த அங்கத்தினர் ஒவ்வொருவரும் படிக்க இயலாத அண்டை வீட்டார் ஒருவர்க்கேனும் சொல்வாராயின், நான் எழுதிய பயனை அடைந்தவனாவேன்.